மணற்குழியினின்று மீளும் வழி

கொல்ப் பயிலத் தொடங்குவோர்க்கு மணற்குழியைப் போல் அச்சம் விளைப்பது பிறிதொன்றில்லை. புற்றரையிற் செம்மையாக அடிப்போரும் மணலில் இறங்கியதும் கைசோர்வர். நாமும் அவ்வாறு சோர்ந்தவரே. விடுமுறையொன்றில், முன்னாளில் எம்மிடம் தமிழ் கற்ற மாணவரொருவர் நுவரெலியாவில் எம்மை விளையாட அழைத்துச் சென்றார். எமது பந்து மணற்குழியில் வீழ்ந்தது. ஆறுமுறை அடித்தும் வெளியேறவில்லை. வகுப்பிலே "அஞ்சாது எழுதுங்கள்" என்று பலர்க்கும் கூறிய நாம், அன்று ஒரு சிறு பந்தின்முன் அஞ்சி நின்றோம். "ஐயா, நீங்கள் பந்தை அடிக்கப் பார்க்கிறீர்கள், மணலை அடியுங்கள்" என்றார் அவர். இப்பாடம் அச்சொல்லின் விரிவேயாகும்.

துளை சூழ்ந்த மென்புற்றரையை அடுத்துள்ள குழிகளில், மட்டை பந்தைத் தொடுவதன்று. பந்தின் கீழுள்ள மணலைத் தள்ளுகின்றது. அம்மணலே பந்தைச் சுமந்து வெளியே இடுகின்றது. இதற்கென அமைந்ததே சாண்ட் வெட்ஜ் என்னும் மட்டை. அமெரிக்க வீரர் ஜீன் சரசென் தம் மட்டையின் அடிப்புறத்தில் ஈயம் பற்றவைத்துத் தடிப்பாக்கி, முன்விளிம்பினும் பின்விளிம்பு தாழ்ந்திருக்கச் செய்தார். அதனால் மட்டை மணலில் ஆழப் புதையாமல் வழுக்கிச் செல்லும். அம்மட்டையுடன் அவர் 1932இல் பிரித்தானியத் திறந்த போட்டியில் வென்றார்.

இனிச் செய்முறையைக் காண்போம். வலக்கையாளர்க்கு இது பொருந்தும். இடக்கையாளர் மாற்றிக் கொள்க.

முதலாவது, பாதங்களை மணலிற் சிறிது புதைத்து உறுதியாக நிற்க. மணலின் தன்மையும் இதனாற் புலப்படும். இரண்டாவது, பந்து இடக்குதிகாலுக்கு நேராக இருத்தல் வேண்டும். உடற்பாரம் இடக்காலிற் சற்று மிகுந்திருக்கட்டும். மூன்றாவது, மட்டையின் முகத்தை முதலில் வானோக்கித் திறந்து, அதன்பின்பே பிடியைப் பற்றுக. பிடித்தபின் மணிக்கட்டைத் திருப்பித் திறப்பது பயன் தராது. அடிக்கையில் முகம் மீண்டும் மூடிவிடும். நான்காவது, பந்தை நோக்காது, அதற்கு ஏறத்தாழ இரண்டு அங்குலம் பின்னேயுள்ள மணலை நோக்குக. ஐந்தாவது, அவ்விடத்தை அடித்து, வீச்சை இறுதிவரை முடிக்க.

தொடக்கத்தார் பெரும்பாலும் தவறுவது இவ்வைந்தாவதிலேயே. துளை அண்மையிலிருப்பதால் பந்து எல்லை கடந்து ஓடிவிடுமென அஞ்சி, பாதியில் கையை நிறுத்துவர். மட்டை மணலிற் சிக்கும். பந்து அங்கேயே கிடக்கும். மணல் விசையின் பெரும்பகுதியை உண்டுவிடுகின்றது. ஆகவே, அதே தொலைவுக்குப் புல்லில் வேண்டுவதினும் பன்மடங்கு பெரிய வீச்சு இங்கு வேண்டும்.

பந்து பாதி புதைந்திருப்பின் முகத்தைத் திறத்தலாகாது. நேராக வைத்துச் செங்குத்தாக இறக்குக. அவ்வாறு வெளிவரும் பந்து மிகுதியாக உருளும். ஈரமான இறுகிய மணலிலும் முகத்தை அதிகம் திறத்தல் கூடாது. மட்டை துள்ளிப் பந்தின் நடுவிற் படும்.

விதியொன்றும் நினைவிலிருக்கட்டும். அடிக்குமுன் பந்தின் அருகே மட்டையை மணலில் ஊன்றலாகாது. ஒத்திகை வீச்சிலும் மணலைத் தொடலாகாது. அடியெண்ணிக்கைப் போட்டியில் இதற்கு இரண்டு அடி தண்டம். 2019இல் விதிகள் திருத்தப்பட்டபின், குழியிற் கிடக்கும் சருகு, கல் முதலியவற்றை அகற்றலாம். பந்து மட்டும் அசைதலாகாது.

பயிற்சிக் குழியில் மணலின்மேல் நீண்ட கோடொன்று வரைக. பந்தின்றி, கோட்டிலேயே மட்டை புகுமாறு பலமுறை அடிக்க. கோடு தவறாதபோது, அதற்கு இரண்டு அங்குலம் முன்னே பந்தை வைக்க. பந்தை மறந்து கோட்டையே அடிக்க. பந்து தானே எழும்.

அன்று ஏழாம் முறை நாம் மணலை அடித்தோம். பந்து துளைக்கு வெகு தூரத்திலேயே வீழ்ந்தது. ஆயினும் குழிக்கு வெளியே வீழ்ந்தது. எம் காற்சுவடுகளைச் சமப்படுத்த மாணவர் வாரியை எடுத்தார். அதனை நாம் வாங்கிக் கொண்டோம்.