நூறு கிராம்

2024ஆம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில், மகளிர் மற்போர் 50 கிலோ பிரிவின் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றார் வினேஷ் போகத். மறுநாள் காலை எடை பார்த்தபொழுது வரம்பினும் 100 கிராம் மிகுந்திருந்தது. போட்டியிடும் தகுதியையே அவர் இழந்தார். இரவெல்லாம் உண்ணாது பயிற்சி செய்தும், கூந்தலைக் குறைத்தும் பயனில்லை.

ஓரிரவில் குறையும் எடை பெரும்பாலும் கொழுப்பன்று. வியர்வையாய் வெளியேறும் நீரே. நீர் அருந்தியதும் அது மீண்டுவிடும். எடைப்பிரிவில் நிற்கவேண்டிய வீரருக்கு இத்துன்பம் நேரலாம். பொழுதுபோக்காகப் பளு தூக்குவோருக்கு அது எதற்கு?

தசையைப் பெருக்க விழைவோர், உடல் செலவிடும் ஆற்றலினும் சற்று மிகுதியாக உண்பர். கொழுப்பைக் குறைக்க விழைவோர் சற்றுக் குறைவாக உண்பர். ‘சற்று’ என்பதே இங்கு முதன்மையான சொல். பட்டினி கிடந்தால் கொழுப்புடன் தசையும் கரையும். பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவை தரும் புரதம் இரு நிலையிலும் தேவை.

பளு தூக்கும்பொழுது தசை வளர்வதில்லை, களைப்படைகிறது. ஓய்விலும் உறக்கத்திலும்தான் அதன் இழைகள் சீரமைந்து தடிக்கின்றன. எனவே, ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள்களில் கடும்பயிற்சி தரலாகாது. பண்டைக் கிரேக்க மல்லர் மைலோ, கன்று ஒன்றை நாள்தோறும் தூக்கி, அது காளையான பின்னும் தூக்கினாராம். கதைதான், ஆயினும் முறை சரியானது. கன்றை விடுத்து நேரே காளையிடம் செல்வோரே முதுகு பிடித்து வீடு திரும்புகின்றனர்.

சிந்தித்து எழுதுக: ஓரிரவில் குறைத்த எடை ஏன் நிலைப்பதில்லை? மைலோவின் கதை உணர்த்தும் பயிற்சிமுறை யாது?