தறி பெற்ற பேரன்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

கணிப்பொறி என்றதும் அமெரிக்காவும் ஜப்பானும் பெங்களூரும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் பாட்டனாரைக் காண அவ்வளவு தொலைவு போக வேண்டாம். தறி உள்ள ஊர் போதும். நம் பக்கத்தில் தறிக்கா பஞ்சம்?

துணியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். பாவில் ஓர் இழை மேலே, அடுத்த இழை கீழே; ஊடை ஒருமுறை ஓடியதும் மேலிருந்தது கீழே, கீழிருந்தது மேலே. இந்த இரண்டு கட்டளைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தாலே துணி வளர்ந்துவிடும். ஆனால் சேலைக் கரையில் ஒரு மாங்காயோ அன்னமோ வேண்டுமென்றால்? ஊடை ஓடும் ஒவ்வொரு முறையும் எந்தெந்த இழை எழ வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பிரான்சு நாட்டில் இதற்காகவே சிறுவர்கள் தறியருகே நின்று நாளெல்லாம் கயிறுகளை இழுத்தார்கள். பாவம், அவர்கள் பட்ட பாடு!

1804-இல் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரீ ஜக்கார்டு ஒரு வழி கண்டார். ஊடையின் ஒவ்வோர் ஓட்டத்திற்கும் ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் ஊசி நுழையும், இழை மேலே எழும். துளை இல்லாவிட்டால் இழை கீழேயே இருக்கும். நம் நெசவாளர்கள் ‘ஜக்கார்டு பெட்டி’ என்பது இவருடைய பெயரைத்தான். துளை உண்டு, துளை இல்லை. இன்றைய கணிப்பொறியின் ஒன்றும் பூச்சியமும் இதே கணக்குதான்.

இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை வைத்திருந்தார். அது வரைந்த படமன்று. ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த படம்! துளை அட்டைகளால் கட்டளை பெறும் ஒரு கணக்கு இயந்திரத்தை அவர் திட்டமிட்டார், கட்டி முடிக்கவில்லை. 1843-இல் அந்த இயந்திரத்தைப் பற்றி விரிவான குறிப்புகள் எழுதியவர் ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி. பூவை நெய்யும் தறிக்கு அதை ஒப்பிட்டவரும் அவரே. தோழிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்!

அமெரிக்காவில் 1880-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை முடிக்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. 1890-இல் ஹெர்மன் ஹாலரித் அட்டையில் துளையிட்டு மின்சாரத்தால் எண்ணி, வேலையை விரைவுபடுத்தினார். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சில நிறுவனங்களுடன் இணைந்து பிற்காலத்தில் ஐ.பி.எம். ஆயிற்று. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த பெரிய கணிப்பொறி அந்த நிறுவனத்தினுடையதே. அக்காலத்து மாணவர்கள் கணிப்பொறிக்கான கட்டளைகளை அட்டைக் கட்டாகச் சுமந்து சென்றார்கள். கட்டு கைதவறி விழுந்து வரிசை கலைந்தால் அன்றைய வேலை போயிற்று.

இன்று அட்டை போய்விட்டது. அதே ஐ.ஐ.டி. 2018-இல் ‘சக்தி’ என்ற சில்லை உருவாக்கியது. தறிக்கும் மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது. கணிப்பொறியில் வரைந்த பூ நேரே தறிக்குப் போகிறது. கட்டம் போட்ட தாளைப் பார்த்து ஒவ்வொரு துளையாகக் குத்தியவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. கயிறு இழுத்த சிறுவனுக்கு விடுதலை என்று மகிழ்ந்த என்னால், இவர்களை நினைத்து அப்படி மகிழ முடியவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் வாயால் சொன்னாலே போதும், நூறு பூக்களை வரைந்து காட்டுகிறது. அப்படியானால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கைத்தறி நெசவாளருக்கு இனி என்ன வேலை?

திரையில் தெரிவது படம்தான், நெசவு அன்று. பூவின் பின்புறம் ஓர் இழை எங்கும் பிடிபடாமல் நீளமாக ஓடினால், சேலை உடுத்தும்போது அது கொலுசில் மாட்டி இழுபடும். எத்தனை இழைக்கு ஒருமுறை அதைக் கட்டிப் பிடிக்க வேண்டும், இந்த நூல் அந்த இழுப்பைத் தாங்குமா என்பதை நூலை விரலால் நெருடிப் பார்த்தே நெசவாளர் சொல்லிவிடுவார்.