கோடும் உருவும்

எஃகுக் கட்டடம் ஒன்று எழுவதற்கு முன்னரே அதன் உறுப்புகள் யாவும் கணிப்பொறியில் முழு அளவில் உருப்பெற்றுவிடுகின்றன. இப்பணி நம் ஹைதராபாத்தில் மிகுதியாக நடைபெறுவதை மாணவ நண்பர்கள் பலர் அறியார். இந்நகரத்து அலுவலகங்களில் அமர்ந்துகொண்டு அமெரிக்க நாட்டுக் கட்டடங்களுக்கு உத்திரம் உத்திரமாக, போல்ட் போல்ட்டாக மாதிரி அமைக்கின்றனர். அமைப்பவர் அந்த எஃகை ஒரு முறையேனும் நேரில் காணப்போவதில்லை. திரை ஒன்றே அவருக்குக் கண். ஆகவே திரையில் உறுப்புகளை எவ்வாறு காட்டச் செய்வது என்பது அழகு பற்றிய கேள்வியன்று.

இயற்பியல் பயிலும் எனக்கு இதில் ஈடுபாடு வந்தது, உடன் தங்கியுள்ள மதுரை அண்ணன் ஒருவரால்தான். அவர் கையாளும் மென்பொருள் டெக்லா ஸ்ட்ரக்சர்ஸ். ஃபின்லாந்தில் பிறந்து, முன்னர் எக்ஸ்ஸ்டீல் எனப் பெயர் பெற்றிருந்தது. 2011இல் டிரிம்பிள் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதில் உறுப்புகளை மூன்று விதமாகக் காட்டலாம்: ஆதாரக் கோடாக, விரைவுக் காட்சியாக, துல்லியக் காட்சியாக.

ஆதாரக் கோடு என்பது உத்திரத்தை வைக்கும்போது நாம் குறித்த இரு புள்ளிகளை இணைக்கும் கோடு. அதுவே உத்திரத்தின் நடு அச்சு என எண்ணிவிடக் கூடாது. மேல்முகம் தளத்தின் மட்டத்தில் நிற்க வேண்டியிருப்பதால் கோடு பெரும்பாலும் மேல்முகத்திலேயே ஓடும். ஐ.எஸ்.எம்.பி. 300 என்னும் நம் நாட்டு உத்திரத்தின் உயரம் 300 மி.மீ.; அப்படியானால் அதன் நடு அச்சு கோட்டிற்கு 150 மி.மீ. கீழே இருக்கிறது. கோடுகளாகப் பார்த்தால் எல்லாம் ஒரு புள்ளியில் இனிதே கூடும். பாடப் புத்தகப் படங்களில் பழகிய கண்ணுக்கு அதில் ஐயமே எழாது.

ஐயம் எழாமையால் வந்த கேடும் உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து அரங்கின் பெருங்கூரை 1978 ஜனவரி 18 விடியற்காலையில் பனிச்சுமையால் சரிந்தது. சில மணி நேரத்திற்கு முன்புவரை அங்கே கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பிவிட்டதால் உயிர்கள் தப்பின. வடிவமைப்புக் கணக்கு கணிப்பொறியில் போடப்பட்டதுதான். ஆனால் மேல்தளக் கம்பிகளும் சாய்வுக் கம்பிகளும் உண்மையில் ஒரே புள்ளியில் சந்திக்கவில்லை; கணக்கில் கருதிய அளவுக்கு மேல்கம்பிகளுக்குத் தாங்கலும் கிடைக்கவில்லை. அவை வளைந்து முறிந்தன.

இனி விரைவுக் காட்சி. இதில் உடல் தெரியும், வெட்டுகள் தெரியா. பெரிய உத்திரத்தோடு சிறிய உத்திரம் ஒரே மேல்மட்டத்தில் சேரும் இடத்தில், சிறியதன் மேல்பட்டையை முனையில் வெட்டிவிடுவர். தொழிலில் இதனைக் ‘கோப்’ என்பர். விரைவுக் காட்சியிலோ இரண்டு பட்டைகளும் ஒன்றினுள் ஒன்று புகுந்தாற்போல் தோன்றும். இதைக் கண்டு மருண்டு நல்ல உத்திரத்தை நகர்த்திவிடும் புதியவர்கள் உண்டென அண்ணன் சிரிப்பார். போல்ட்டின் கதை இதற்கு நேர்மாறு. அது வெறும் அச்சுக் கோடும் சிறு குறுக்குக் குறியுமாய் நிற்கும். நட்டும் வாஷரும் அங்கே கொள்ளுமா, ஸ்பேனர் நுழையுமா என்று அந்தக் குறியிடம் கேட்டுப் பயனில்லை. துல்லியக் காட்சியில்தான் அவை திண்மையாகத் தெரியும்.

அப்படியாயின் எப்போதும் துல்லியமாகவே வைத்துக்கொண்டாலென்ன? பல்லாயிரம் உறுப்புகள் உள்ள மாதிரியில் கணிப்பொறி திணறும், கண்ணும் திணறும். ஆதலால் முழுச் சட்டத்தின் போக்கையும் மட்டங்களையும் காணக் கோடு. அன்றாட நடமாட்டத்திற்கு விரைவு. இணைப்பைத் தீர்மானிக்கையில் அந்த மூலைக்கு மட்டும் தனிக் காட்சி திறந்து துல்லியம். அண்ணனின் வழக்கம் இதுவே. எனக்கும் இதுவே சரியெனப் படுகிறது. கட்டங்கள்தோறும் வேறு வண்ணம் ஊட்டவும், தேர்ந்த உறுப்பைத் தவிர மற்றவற்றை மங்கச் செய்யவும் வசதிகள் உண்டு. அவற்றை விரிக்கவில்லை.

மாணவர்களுக்கு டெக்லா கேம்பஸ் வழியாக இம்மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒரு தூணும் இரண்டு உத்திரமும் நிறுத்தி மூன்று முறைகளிலும் பாருங்கள். உத்திரத்தைத் தேர்ந்தால் தொடக்க முனையில் மஞ்சளும் இறுதி முனையில் மெஜந்தாவுமாய் இரு புள்ளிகள் ஒளிரும். அவற்றுக்கும் எஃகின் உடலுக்கும் இடையே உள்ள தொலைவை முதலில் அளந்து பாருங்கள்.