சொல்லுக்கு வரும் மதிப்பு

அலுவலகத்தில் நம் சொல்லுக்கு மதிப்பைத் தருவது பதவி மட்டுமன்று.

இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிதில், நான் எழுதிய சம்பளப் பட்டியலில் ஒரு கூட்டல் பிழை. அது கருவூலத்துக்குப் புறப்படும் வேளையில்தான் கண்டேன். சொன்னால் அவமானம்; மறைத்தால் எல்லோர் சம்பளமும் தாமதமாகும். "ஐயா, பிழை என்னுடையது" என்று கண்காணிப்பாளரிடம் கூறினேன். கடிந்துகொண்டார், பட்டியல் திருத்தப்பட்டது.

அதன்பின், வந்த தபால்களை அன்றன்றே தன்பதிவேட்டில் பதிந்தேன். சொன்ன நாளில் முடித்தேன். இயலாதெனில் முன்னதாகவே தெரிவித்தேன். சில மாதங்களில், சிக்கலான கோப்புகளில் அவரே என் கருத்தைக் கேட்கலானார்.

திருக்குறளின் 51ஆம் அதிகாரமாகிய 'தெரிந்து தெளிதல்', ஒருவர் பெருமைக்கு அவர் செயலையே உரைகல்லாகக் காட்டுகிறது. நாளை பணிக்குச் செல்லும் நீங்கள் செல்வாக்கைத் தேடி அலைய வேண்டா. சிறு வேலையையும் சொன்னபடி செய்யுங்கள்.