கடவுச்சொல் நினைவிருந்தால் போதுமா?

நம்பிக்கை: கடவுச்சொல் மறக்காதவரை, மறையாக்கம் செய்த வட்டு நம் கையில்தான்.

இல்லை. லினக்ஸில் பரவலாகப் புழங்கும் லக்ஸ் முறையில், நாம் தட்டும் கடவுச்சொல் கோப்புகளை நேரடியாகத் திறப்பதே இல்லை. தரவைப் பூட்டுவது கணினி தானே உருவாக்கிய ஒரு முதன்மைச் சாவி. அந்தச் சாவி, வழக்கமாக வட்டுப் பகுதியின் தொடக்கத்தில் உள்ள ஹெடரில், கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு இருக்கிறது. லக்ஸின் இரண்டாம் பதிப்பான லக்ஸ்2-இல் ஹெடர் பொதுவாக வெறும் 16 எம்பி.

புதிய இயங்குதளம் நிறுவும் அவசரத்தில் தவறான பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தால் முதலில் அடிவாங்குவது இந்த இடம்தான். லக்ஸ்2 ஹெடரின் விவரக்குறிப்புக்கு இரண்டு பிரதிகள் உண்டு. சாவி இருக்கும் பகுதிக்கு ஒன்றே ஒன்றுதான். அதோடு, அழிக்க நினைத்தால் எளிதில் அழிய வேண்டும் என்பதற்காகவே சாவியை 4000 கூறுகளாக விரித்து எழுதுகிறார்கள். அதில் ஒரு செக்டர் கெட்டாலே அந்தச் சாவி போயிற்று. ஹெடருக்குப் பிரதியோ வேறு சாவிப் பதிவோ இல்லையென்றால், எந்தத் தரவு மீட்பு வல்லுநராலும் அதன்பின் ஒன்றும் செய்ய முடியாது.

லக்ஸைக் கையாளும் கிரிப்ட்செட்டப் நிரலில் லக்ஸ்ஹெடர்பேக்கப் என்ற ஒரே கட்டளை போதும், ஹெடருக்குப் பிரதி கிடைத்துவிடும். அதை அதே வட்டுக்குள் வைப்பதால் பயனில்லை. பென் டிரைவில் எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

நம்பிக்கை: கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் பழைய ஹெடர் பிரதி செல்லாது.

செல்லும், ஆபத்தே அதுதான். கடவுச்சொல் மாறினாலும் முதன்மைச் சாவி மாறுவதில்லை. பழைய பிரதியும் பழைய கடவுச்சொல்லும் ஒருவர் கையில் சேர்ந்தால், இன்றைய தரவும் அவருக்குத் திறக்கும். கடவுச்சொல் கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் பழைய பிரதிகளை அழித்துவிட்டு, வட்டையே புதிய சாவியால் மறுமறையாக்கம் செய்வதுதான் சரி.

நம்பிக்கை: என் விண்டோஸ் கணினியில் நான் எதையும் பூட்டவில்லை.

நீங்கள் பூட்டாமலே பூட்டியிருக்கலாம். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே மறையாக்கம் தானாகத் தொடங்கிவிடுகிறது. பயாஸ் புதுப்பித்த பிறகு 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினி கேட்கும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தவற்றில் பலவற்றை மீட்க, அந்த 48 இலக்கங்களை ஒவ்வொரு கணினியிலும் தட்ட வேண்டியிருந்தது.

சாவி தொலைந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் புதிதாக ஒன்றைத் தர முடியாது. உங்கள் கணக்கில் அது பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்; ஒரு காகிதத்திலும் அச்சிட்டு, மடிக்கணினிப் பையில் அல்லாமல் வீட்டு ஆவணங்களோடு வையுங்கள்.