டிப்ஸ் கட்டாயமா?

கேள்வி: டெக்சாஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஓட்டலில் 60 டாலர் பில்லுக்கு மேல் 12 டாலர் டிப்ஸ் வைத்தான். இவ்வளவு தர வேண்டுமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சட்டப்படி கட்டாயமில்லை அம்மா. ஆனாலும் உங்கள் மகன் செய்ததுதான் சரி. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, அமெரிக்க மத்தியச் சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர்தான். 1991-லிருந்து அது ஏறவே இல்லை. டெக்சாஸிலும் இதே கணக்கு. டம்ளரில் ஐஸ் தண்ணீர் குறையக் குறைய வந்து ஊற்றியிருப்பாரே, அவருடைய வீட்டு வாடகை அந்த 12 டாலரில்தான் இருக்கிறது. முதலாளி தர வேண்டிய சம்பளத்தைச் சாப்பிட வந்தவர் தலையில் கட்டுவது அநியாயம்தான். அதற்காக ஊழியர் வயிற்றில் அடிக்கக் கூடாது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலியையும் முதலாளியே தர வேண்டும்; அங்கேயும் டிப்ஸ் வழக்கம் உண்டு.

15 முதல் 20 சதவீதம் வைப்பார்கள். கூட்டமாகப் போனால் சில ஓட்டல்களில் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

டிப்ஸ் போக இன்னொன்று: ஒருவர் தட்டு அங்கே இருவருக்குக் காணும். மிஞ்சியதற்கு ‘பாக்ஸ்’ கேளுங்கள். முகம் சுளிக்காமல் தருவார்கள். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு ஆச்சு.