மூத்தோர் உலா

பணியினின்றும் ஓய்வு பெற்ற ஒருவர் முதற்சில நாள்கள் மிக்க மகிழ்வுடன் இருப்பார். விடியலில் மணியோசைக்கு அஞ்சி எழ வேண்டுவதில்லை. மேலதிகாரியின் முகக்குறிப்பை நோக்கி நிற்க வேண்டுவதில்லை. செய்தித்தாளை முதலெழுத்து முதல் ஈற்றெழுத்து வரையில் படிப்பார். பின்னர் வாயிலில் அமர்ந்து தெருவை நோக்குவார். ஒரு திங்கள் கழிந்தபின் அத்தெருவில் அவர் அறியாதது ஒன்றும் இராது. நாற்பது ஆண்டு ஓடிய கால்கள் ஓரிடத்தில் கிடந்தால் நோவத் தொடங்கும். அந்நோவினும் பெரிது, நாளைப் பொழுதை எங்ஙனம் போக்குவது என்னும் மனநோவு. அவர் மனைவியாரின் நிலையோ வேறு. அவருக்கு ஓய்வு பெறும் அகவை என ஒன்றை எவரும் வகுத்திலர். மகனும் மருமகளும் அலுவலுக்குச் சென்றபின் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுத்தலும், அழைத்து வருதலும், அடுப்பைக் காத்தலும் அவர் மேலனவே.

விடுமுறை வந்ததும் குடும்பத்தார் ஊர் காணப் புறப்படுவர். கொடைக்கானலா, குற்றாலமா என இளையோர் வழக்கிடுவர். "தாத்தாவால் மலையேற இயலாது, பாட்டிக்கு வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாது" எனச் சொல்லி, முதியோர் இருவரையும் வீட்டிற்குக் காவலாக வைத்துச் செல்லும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. முதியோரும், "நீங்கள் போய் வாருங்கள், எங்களுக்கு இங்கே என்ன குறை?" என்று முகமலர்ந்து விடை கொடுப்பர். அம்மலர்ச்சியை அவ்வாறே நம்பிவிடுதல் இளையோர் செய்யும் பிழையாகும். வண்டி தெருமுனையைக் கடந்தபின் அவர்கள் முகத்தைக் கண்டவர் ஒருவருமிலர்.

முதுமைக்குரிய பயணம் காசிப் பயணமே என்பது முன்னையோர் கருத்து. வாழ்நாளில் ஒருமுறை அது நிகழ்ந்தாற் போதும் என்று அவர்கள் அமைந்தனர். இக்காலத்தில் நெடும்பயணம் எளிதாயிற்றெனினும் அதன் செலவு எளிதன்று. முதியோர்க்குப் புகைவண்டிக் கட்டணத்தில் அளிக்கப்பட்டு வந்த சலுகையும் 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிறுத்தப்பட்டது. ஆயினும் மதுரையில் வாழ்வார்க்கு ஒரு நற்பேறு உண்டு. காலையிற் புறப்பட்டு நண்பகல் உணவிற்கு வீடு திரும்பத்தக்க தொலைவில், ஈராயிரம் ஆண்டு வரலாறு அவர்களைச் சூழ்ந்து கிடக்கின்றது. சேய்மையில் உள்ளதே காணத்தக்கது என்னும் மயக்கத்தால், மதுரையிற் பிறந்து மதுரையிலேயே முதிர்ந்தோருள்ளும் அதனைக் காணாதார் பலர்.

நகருக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில், கீழக்குயில்குடி என்னும் சிற்றூர் உள்ளது. அதனை அடுத்து நிற்பது சமணர் மலை. மலையடிவாரத்தில் தாமரைக்குளம் ஒன்றும், அய்யனார் கோயிலும், நிழல் பரப்பும் ஆலமரமும் உள்ளன. கோயிலின் பின்புறமிருந்து பாறையில் வெட்டிய படிகள் மேலே செல்கின்றன. அப்படிகளில் ஏறுவோர் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தை அடைவர். அங்கே பாறையின் ஒரு முகத்தில் எட்டுச் சமணச் சிற்பங்கள் வரிசையாக விளங்குகின்றன. அவை ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முற்பட்டவை. அவற்றின் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அச்சிற்பங்களைச் செய்வித்தோருள், குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்னும் கல்வி நிலையத்தைச் சார்ந்த ஆசிரியரும் மாணாக்கரும் உளர் என்று அக்கல்வெட்டுகளால் அறிகின்றோம்.

இம்மலைக்குக் குடும்பத்தோடு செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். பயணத்தின் விரைவை வகுக்க வேண்டியவர் பேரன் அல்லன், பாட்டனாரே. பத்து மணிக்குள் பாறை சுடத் தொடங்கிவிடும். ஆதலின் ஞாயிறு எழுமுன்னரே அடிவாரம் சேர்தல் நன்று. பத்துப் படி ஏறினால் சற்று நிற்கலாம். நிற்கும்போதெல்லாம் கீழே விரியும் வயல்களும் கண்மாய்களும் கண்ணிற்படும். எந்தக் கண்மாய் எந்த ஆண்டில் உடைந்தது, எந்த வயலில் என்ன விளைந்தது என்று பாட்டனார் சொல்லத் தொடங்குவார். ஓடி ஏறிய சிறுவன் சிற்பத்தை மட்டுமே காண்பான். நின்று நின்று ஏறியவனோ ஊரையும் காண்பான். படியேற இயலாதார் ஆலநிழலில் அமர்ந்திருப்பினும் குறைவில்லை. மேலே சென்றவர் இறங்கி வந்து, கண்டதைச் சொல்லக் கேட்பதும் ஓர் இன்பமே.

முதியோரின் ஓய்வு பிறர்க்கு எத்துணைப் பயன்படும் என்பதற்கு இம்மலைகளே சான்று. 2010ஆம் ஆண்டில், மதுரைக்குக் கிழக்கே உள்ள யானைமலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கும் திட்டம் ஒன்று எழுந்தது. அம்மலையடியில், கி.பி. 770ஆம் ஆண்டில் பாண்டியன் அமைச்சன் மாறன்காரி குடைவித்த நரசிங்கர் கோயில் உள்ளது; மலைமேல் சமணர் இருந்த குகையும் உள்ளது. ஊர் மக்கள் திட்டத்தை எதிர்த்தனர், மலை பிழைத்தது. அக்காலத்தில், எழுத்தாளர் அ. முத்துக்கிருட்டிணனும் நண்பர்களும் 'பசுமை நடை' என்னும் பெயரால் மக்களைத் திரட்டி, விடுமுறைக் காலை வேளைகளில் மதுரையைச் சூழ்ந்த மலைகட்கு அழைத்துச் செல்லத் தொடங்கினர். கைக்குழந்தையோடு வந்த தாயரும், கோலூன்றி வந்த முதியரும் அக்கூட்டத்தில் இருந்தனர். பாறை எழுத்தைப் படித்து அவர்கட்குப் பொருள் உரைத்தோர், தொல்லியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வெ. வேதாசலம், சொ. சாந்தலிங்கம் முதலிய அறிஞர் ஆவர். ஓய்வூதியம் பெறுவோர் உடல் ஓய்ந்தோர் என்று எண்ணுவார், வெயிலில் பாறைமேல் நின்று அவர்கள் ஆற்றிய உரையைக் கேட்டிருத்தல் வேண்டும்.

மலையேற்றம் ஒவ்வாதார்க்குக் கீழடி உண்டு. மதுரைக்குத் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்தில் உள்ள அவ்வூரில், 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5ஆம் நாள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பில் கட்டப்பட்டமையால் அதன் தாழ்வாரங்களில் நிழலுக்குக் குறைவில்லை. அகழ்ந்தெடுத்த பொருள்களுள் உறைகிணற்றின் உறைகளும், நூல் நூற்கும் தக்களியும், பானையோடுகளும் உள்ளன. அவற்றினிடையே சுடுமண் வட்டச்சில்லுகளும், ஆட்டக்காய்களும், பகடையும் இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னும் மக்கள் உழைத்தனர், உழைத்தபின் ஆடினர். வட்டச்சில்லைக் கண்ட பேத்தி, "அப்பத்தா, இது என்ன?" என வினவுவாள். பெயர்ப்பலகையைப் படிக்கக் கண்ணாடி தேடாமலே பாட்டி விடை கூறுவார். ஓட்டை உடைத்து, கல்லில் தேய்த்து வட்டமாக்கி, மண்ணிற் கட்டம் கீறி, ஒற்றைக்காலால் நொண்டிப் பாண்டி ஆடிய கை அன்றோ அது! அப்பொழுது அருங்காட்சியகத்தின் ஆசிரியர் பாட்டியே ஆவார்.

முதிய பெண்டிர் வெளியே செல்லாமைக்கு உடல் தளர்ச்சி ஒன்றே காரணம் அன்று. பேருந்துக் கட்டணத்திற்கு மகனிடம் கைநீட்ட நாணி, போகவேண்டா என்று அமைந்தவர் பலர். 2021ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் முதல், தமிழ்நாட்டு அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் முறை நடப்பிற்கு வந்தது. அதன்பின், அடுத்த வீட்டு அம்மையாரைத் துணைக்கழைத்துத் திருப்பரங்குன்றத்திற்கும் அழகர்கோயிலுக்கும் தாமே புறப்பட்ட பாட்டியர் உளர். அழகர்கோயிலில் அரிசியும் உளுந்தும் மிளகும் சீரகமும் சேர்த்து நெய்யிற் சுடும் தோசை பெயர் பெற்றது. தடித்த அத்தோசையைப் பல் வன்மை குன்றியோர் சிறிது சிறிதாகப் பிட்டு உண்ணல் வேண்டும். மற்றோர் இடர் இன்னும் உளது. வழியில் தூய கழிப்பிடம் இல்லையே என்று அஞ்சி, காலை முதல் ஒரு மிடறு நீரும் பருகாது வெயிலில் நடக்கும் முதுபெண்டிரைக் காணலாம். உடன் செல்லும் இளையோர் இதனை முன்னரே கருதி, இடமறிந்து அழைத்துச் செல்லுதல் கடன்.

பயணம் சென்று திரும்பும் மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளக் கரையில் சற்று அமரலாம். திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டப்பெற்ற அக்குளம், பக்கத்திற்கு ஏறக்குறைய ஆயிரம் அடி நீளமுள்ளது. நடுவில் மரங்கள் சூழ்ந்த மைய மண்டபம் தோன்றும். அரண்மனைக்குச் செங்கல் அறுக்க இங்கே மண் எடுத்தனர் என்றும், அங்ஙனம் தோண்டியபொழுது கிடைத்த பிள்ளையாரே மீனாட்சியம்மன் கோயிலில் உள்ள முக்குறுணிப் பிள்ளையார் என்றும் வழிவழியாகச் சொல்லுவர். பாட்டனார் இதனைக் கூறி முடிக்குமுன், "அந்தப் பிள்ளையாரை நாளை எனக்குக் காட்டுவீர்களா, தாத்தா?" என்பான் பேரன். பாட்டனார் தம் முழங்காலைத் தடவியவாறு பாட்டியை நோக்குவார். பாட்டியோ, "நாளை வெள்ளிக்கிழமை, கூட்டம் மிகுதியாக இருக்கும். விடியுமுன் புறப்பட வேண்டும்" என்பார்.